என் பேரில் வைத்த சேனை

ஓமானில் கோடை வந்துவிட்டால் குளிர்ந்த தண்ணீருக்குச் சிவப்புப் புள்ளி போட்ட குழாயைத்தான் திறக்க வேண்டும். நீலப் புள்ளிக் குழாயில் கை நீட்டினால் தோல் வெந்துவிடும். மொட்டை மாடித் தொட்டி பகலெல்லாம் வெயிலில் கொதித்துக் கிடக்கிறது, அந்தத் தண்ணீர் நேரே நீலக் குழாய்க்கு வருகிறது. ஹீட்டரோ குளியலறைக்குள் நிழலில் தொங்குகிறது. அதை அணைத்துப் போட்டால் உள்ளே நிற்கிற தண்ணீர் ஏசியின் புண்ணியத்தில் ஆறிப்போகும். இதை எனக்குச் சொல்லித்தர எங்கள் நர்ஸ் குவார்ட்டர்ஸில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. வந்த முதல் வாரமே விரலைச் சுட்டுக்கொண்டு ஊரிலிருந்த அண்ணனிடம் புலம்பினேன். "ஏளா, அங்கன குழாயும் உன்ன மாதிரியே தலகீழாளா?" என்று கேட்டுச் சிரித்தான். பதினோரு வருஷம் ஆயிற்று. இப்போது கண்ணை மூடிக்கொண்டு சிவப்பைத் திருப்புகிறேன்.

பிறந்த குழந்தைகள் வார்டில் எனக்கு வேலை. ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது தடவை கை கழுவுகிறவள் நான். என் உள்ளங்கையில் ரேகை தேய்ந்துவிட்டது, ஜோசியக்காரன் பார்த்தால் ஓடிப்போவான். போன மாதம் ஒரு தகப்பன், பிறந்து மூன்று மணி நேரம் ஆன மகளோடு கண்ணாடிக் கதவருகே நின்றான். பக்கத்தில் அவனுடைய பெரியப்பா. பெரியவர் விரல் நுனியில் மென்ற பேரீச்சம்பழம். அதைக் குழந்தையின் அண்ணத்தில் தடவுவது இவர்கள் மார்க்கத்தில் முறை, எங்கள் ஊருக்குப் பக்கத்துக் காயல்பட்டினத்துக்காரர்களிடமும் உண்டு, எனக்குத் தெரியாததில்லை. ஆனால் பெரியவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். நான் பாய்ந்து போய் என் கையை அவர் முன்னால் நீட்டி, கை கழுவுங்கள் என்று சைகை காட்ட முனைந்தேன். எனக்குத் தெரிந்த அரபியெல்லாம் அவசரத்தில் எங்கேயோ ஓடிவிட்டது. நான் கைகுலுக்க வந்ததாக நினைத்து அவர் பதறிப் பின்வாங்கி, நெஞ்சில் கைவைத்து மரியாதையாகத் தலை குனிந்தார். தகப்பன், "இன்ஷா அல்லாஹ் சிஸ்டர், இன்ஷா அல்லாஹ்" என்றான். அந்தச் சொல்லுக்கு ஆகட்டும் என்று பொருளா, நீ போ நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பொருளா என்பது பதினோரு வருஷமாகியும் எனக்குப் பிடிபடவில்லை. நான் கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. பிறகு ஓய்வறையில் உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டேன். ஒரு சளிக்கு இத்தனை கத்தலா என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் குழந்தை பிறந்ததும் சேனை வைப்பார்கள். சீனித் தண்ணீரில் விரலைத் தொட்டு, பிள்ளையின் நாக்கில் ஒரு சொட்டு. யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்று ஒரு நம்பிக்கை. அதனால் ஆளைத் தேடிப் பிடிப்பார்கள். பொறுமைசாலியாக இருக்க வேண்டும், நாலு பேர் மதிக்க வேண்டும். எனக்குச் சேனை வைத்தது மரியாகி அத்தை. எங்கள் ஊர்த் திரேஸ்புரம் கரையில் மீன் ஏலம் போடுகிற இடத்தில் அத்தை வாயைத் திறந்தால் வல்லத்தில் மீன் பிடித்து வந்தவர்கள் விலையைத் தாங்களே குறைத்துக்கொள்வார்கள். நான் யாரிடமாவது சண்டைக்குப் போகும்போதெல்லாம் வீட்டில், "சேனை அப்படி, அவ என்ன செய்வா" என்று விட்டுவிடுவார்கள். நர்ஸிங் படித்தேன். தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன். ஆனாலும் சேனை என்றால் மனதுக்குள் ஓர் இளக்கம். அதை ஒத்துக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

அண்ணனுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் பிள்ளை இல்லை. அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். எத்தனை உயரத்தில் உட்கார்ந்திருந்தாலும் ஊர் வாய்க்குத் தப்ப முடியவில்லை. பிலோமி மதினி பார்க்காத டாக்டர் இல்லை, மணப்பாட்டுச் சிலுவைக் கோயிலுக்கு நேராத நேர்ச்சை இல்லை. ஒன்பதாம் வருஷம் மதினி முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தி வந்தபோது நான் டியூட்டியில் இருந்தேன். மருந்து அறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன். கொரோனாவின் முதல் அலை அடங்கி, எல்லோரும் முகக்கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டு திரிந்த மாதங்கள் அவை. மதினிக்கு ஏழு மாதம் நடக்கும்போதே என் லீவு மனு திரும்பி வந்துவிட்டது. நான் போக முடியாது. ஒன்பது வருஷம் காத்திருந்து வருகிற பிள்ளை, அதன் ஒரே அத்தை அரபிக்கடலுக்கு இந்தப்பக்கம். எனக்கு வந்த ஆத்திரத்தில் மனுவை எட்டாக மடித்துக் கிழித்தேன்.

அப்போது ராயப்பண்ணன் இதே ஊரில் இருந்தார். எங்கள் தெருக்காரர், இங்கே துறைமுகத்தில் இழுவைப் படகு எஞ்சின் பார்க்கிற ஃபிட்டர். கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. இரண்டு மாதத்தில் அவர் ஊருக்குப் போகிறார் என்று தெரிந்ததும் பிள்ளைக்கு நாலு சட்டையும் இரண்டு துவாலையும் வாங்கிக் கட்டிக் கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம் என்ன சொன்னேன், என்ன சொல்லவில்லை என்பதெல்லாம் எனக்கு மறந்துபோனது. மறந்தது என்று சொல்வது எத்தனை வசதி.

பிறகு இரண்டாம் அலை வந்தது. அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ராயப்பண்ணன் பரிசோதனைச் சீட்டில் ஒன்றுமில்லை என்று வாங்கிக்கொண்டு, விமானம் நிற்பதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் வார்டுக்குத் தாய்க்குத் தொற்று, பிள்ளைக்குத் தொற்று என்று வரத் தொடங்கியது. பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு நாள் காய்ச்சலோடு தப்பித்துக்கொண்டன. ஒன்றிரண்டு மூச்சுக்குத் திணறின. பூட்டுப் போட்ட மாதிரி அந்தப் பாதுகாப்பு உடுப்புக்குள் நின்று அந்தச் சின்ன நெஞ்சு உள்வாங்குவதைப் பார்த்தவள் நான். டியூட்டி முடிந்ததும் வீட்டுக் குழுவில் குரல் பதிவு போடுவேன். யாரும் பிள்ளையைத் தொடக் கூடாது. வாசலுக்கு வெளியே நின்று பாருங்கள். மதினி மாஸ்க் போட்டுப் பால் கொடுக்கட்டும். முத்தம் கித்தம் ஒன்றும் ஆகாது. அண்ணன் பதில் போடுவான்: "உத்தரவு கலெக்டரம்மா." மதினி ஒரு கும்பிடு பொம்மை போடுவாள். சரி சரி என்பார்கள். அந்தச் சரியும் இங்கத்து இன்ஷா அல்லாஹ்வும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

பெண் பிள்ளை பிறந்தது. ரோஸி. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். ஏழாம் நாள் காலையில் அண்ணன், "பாப்பா பால் குடிக்க மாட்டேங்கா, சொணங்கிப் போயிருக்கா" என்று சும்மா சொல்வதுபோலச் சொன்னான். வீடியோவில் காட்டு என்றேன். இந்த நாட்டில் ஊருக்கு வீடியோவில் பேசத் தனியாக ஒரு செயலிக்குச் சந்தா கட்ட வேண்டும், அதுவும் பாதி நேரம் உறைந்து நிற்கும். சட்டையைத் தூக்கச் சொன்னேன். நான் வாங்கி அனுப்பிய மஞ்சள் சட்டை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை எண்ணினேன். நிமிஷத்துக்கு அறுபதைத் தாண்டினால் ஆபத்து என்று இங்கே தாய்மாருக்குப் படம் போட்டு விளக்குகிறவள் நான். எழுபத்திரண்டு எண்ணினேன். மறுபடி எண்ணினேன். எழுபத்திநாலு.

"அண்ணே, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு."

"பக்கத்து வீட்டம்மா உரம் விழுந்திருக்கும்னு சொல்லுதாவ. உரம் எடுக்கிற அம்மாவ வரச் சொல்லியிருக்கோம். எடுத்துட்டு, சாயங்காலம் பாப்போம்ளா."

பிள்ளைக்கு எங்கேயோ பிசகிவிட்டது என்று சேலையில் போட்டு இரண்டு பேர் பிடித்து உருட்டுவதற்குப் பெயர் உரம் எடுப்பது. மூச்சு வாங்குகிற பிள்ளையை உருட்டப் போகிறார்கள்! "பிள்ளைய எவளாவது தொட்டா நான் மனுஷியா இருக்க மாட்டேன்!" என்று கத்தினேன். படம் உறைந்துவிட்டது. மஞ்சள் சட்டையும் அண்ணனின் கட்டை விரலும் அப்படியே திரையில் நின்றன. திரும்பத் திரும்ப அழைத்தேன். அரை மணி நேரம் கழித்து மதினியிடமிருந்து ஒரு பதிவு வந்தது, ஆட்டோ சத்தத்துக்கு நடுவே. "ஜெசி, உங்க அண்ணன் உரம் எடுக்கிற அம்மாவத் திருப்பி அனுப்பிட்டாவ. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கோம். மாதாட்ட கேட்டுக்கோ." அவ்வளவுதான். நான் போய்க் கை கழுவிவிட்டு, வேறு யாருடைய பிள்ளைக்கோ மூச்சு எண்ணத் தொடங்கினேன்.

பிள்ளைக்குப் பாசிட்டிவ். அரசு ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். சாமர்த்தியமான ஒரு டாக்டரம்மா, மதினியைப் பிரிக்காமல் மாஸ்க் போட வைத்துப் பாலைப் பிழிந்து சங்கில் ஊற்ற வைத்தார். அவருக்கு நான் இன்றைக்கும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பன்னிரண்டு நாள் நான் எப்படி இருந்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். போனால் திரும்பி வர முடியாது, வானமே பூட்டிக் கிடந்தது. கையில் ஒன்றும் இல்லாதவள் என்ன செய்வாள்? விசாரணை நடத்தினேன். யார் வந்தது? யார் தூக்கியது? யார் இருமியது? போலீஸ்காரி கெட்டாள். அண்ணன் மழுப்பினான், மதினி அழுதாள். நாலாம் நாள் அண்ணன் வாயிலிருந்து வந்துவிட்டது. பிள்ளை வீட்டுக்கு வந்த அன்றே வாசலில் வைத்து ராயப்பண்ணன் சேனை வைத்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து அவருக்குக் காய்ச்சல், வாசனை போய்விட்டது, இப்போது தனியாகக் கிடக்கிறார்.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. ராயப்பண்ணனை அழைத்தேன். அவர் இருமலுக்கு நடுவே, "சொல்லுளா" என்றார். சொன்னேன். மரியாகி அத்தை என் நாக்கில் வைத்த சீனித் தண்ணீர் அத்தனையும் அன்று வெளியே வந்தது. ஒன்பது வருஷம் தவமிருந்து பெற்ற பிள்ளையைக் கொல்லப் பார்த்தீர்களே, உங்களுக்குப் பெரிய மனுஷன் பட்டம் வேண்டியிருந்ததா, உலகமே முகத்தை மூடிக்கொண்டிருக்கும்போது உங்கள் விரல் என்ன தேவதூதன் விரலா என்றெல்லாம் கேட்டேன். அவர் இருமி இருமிக் கேட்டு முடித்தார். கடைசியில், "தப்புதான்ளா. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. நீ சாப்பிடு" என்றார். அந்தப் பொறுமையே எனக்கு இன்னும் எரிச்சலை மூட்டியது. பாதியில் துண்டித்தேன். டாக்டரம்மா அண்ணனிடம், யாரிடமிருந்து வந்தது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது, ஆஸ்பத்திரியிலோ வாசலிலோ எங்கேயும் ஒட்டியிருக்கலாம், அதை விட்டுவிட்டுப் பாலைப் பாருங்கள் என்றாராம். நான் கேட்கிற நிலையிலா இருந்தேன்? எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

ரோஸி பிழைத்துக்கொண்டாள். பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தாள். ராயப்பண்ணனும் எழுந்துவிட்டார். நான் அவரோடு பேசவில்லை.

அந்த வருஷக் கடைசியில் என் கைபேசி நிரம்பிவிட்டது. படம் எடுக்க இடமில்லை என்று அது அடம்பிடிக்க, பழைய குரல் பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு அழித்துக்கொண்டிருந்தேன். ராயப்பண்ணன் பெயரில் ஒன்று, லீவு மனு திரும்பி வந்த நாளில் நான் அனுப்பியது. அதில் நான் பேசுகிறேன். உரிமையோடு, அதிகாரமாக: "அண்ணே, எனக்கு லீவு இல்லன்னுட்டானுவ. பிள்ளைக்கு அத்தை சேனை என் பேர்ல நீங்கதான் வைக்கணும். வேற யாரையும் வைக்க விடாதீங்க. தேன் கீன் வேண்டாம், பச்சப் பிள்ளைக்கு ஆகாது. சீனித் தண்ணி, ஒரே ஒரு சொட்டு. மறந்தீங்கன்னா ஊருக்கு வந்து உங்கள சும்மா விடமாட்டேன், பாத்துக்கோங்க." கீழே அவருடைய பதில், ஒரே வரி. சரிளா.

குழுவில் நான் போட்ட புது உத்தரவு எதையும் அவர் கேட்டதில்லை. அவர் எங்கள் வீட்டுக் குழுவில் கிடையாது. எனக்கு அது தோன்றவேயில்லை. மதினியைக் கேட்டேன். வாசலில் அண்ணன் தயங்கினானாம். ராயப்பண்ணன், "ஜெசி அவ பேர்ல வைக்கச் சொல்லியிருக்கா" என்றாராம். என் பெயரைச் சொன்னதும் எல்லோரும் வழிவிட்டார்களாம். கலெக்டரம்மா உத்தரவு அல்லவா? "நீயே சொல்லியிருப்பன்னு நெனச்சோம். அதுக்கப்புறம் நீ அவிய மேல பாய்ஞ்சப்ப எங்களுக்கு ஒண்ணும் புரியல. கேக்கவும் பயமா இருந்துச்சு" என்றாள் மதினி. எனக்குப் பயந்து! பச்சைப் பிள்ளைக்கு மூச்சு ஓடாதபோதும் என் வாய்க்குப் பயந்து.

மன்னிப்புக் கேட்பது எத்தனை சின்ன வேலை. இந்த ஊரில் கடைக்காரனிடம் சில்லறை தவறிக் கொடுத்தாலே நாலு தடவை கேட்கிறோம். ராயப்பண்ணனை எத்தனையோ தடவை அழைத்தேன். அங்கே மழையா, எஞ்சின் வேலை எப்படி, சீலா மீன் வருகிறதா என்று கேட்டு வைத்துவிடுவேன். அவரும் சீலா மீனைப் பற்றி விவரமாகச் சொல்வார். அவர் அப்புறம் வெளிநாடு வரவில்லை. இரண்டு தடவை லீவில் போனேன், இரண்டு தடவையும் அவர் வல்லத்தோடு எங்கேயோ போயிருந்தார். போயிருந்தாரா, போய்விட்டதாகச் சொல்லச் சொன்னாரா, தெரியாது. எழுத உட்கார்ந்தால் பேனா ஓடுகிறது. பேச வேண்டிய இடத்தில் என் வாய், அந்தப் பொல்லாத வாய், அடைத்துக்கொள்கிறது.

போன வாரம்தான் மூன்றாம் லீவு முடிந்து வந்தேன். கிளம்புவதற்கு முந்தின நாள் காலை, ரோஸியைக் கையில் பிடித்துக்கொண்டு திரேஸ்புரம் கரைக்குப் போனேன். அவளுக்கு யுகேஜி விடுமுறை. வழியெல்லாம் வாய் ஓயவில்லை, எதிரே வந்த ஆட்டோக்காரரிடம் ஹாரன் அடிக்காதீங்க என்று சண்டை பிடித்தாள். "சேனை யார் பேர்ல வச்சது பாரு" என்று ஊரே சிரிக்கிறது. கரையில் கவிழ்த்துப் போட்ட வல்லத்தின் நிழலில் ராயப்பண்ணன் எஞ்சினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். நரைத்துவிட்டார். ரோஸி, "ராயப்பா மாமா!" என்று ஓடினாள். அவர் சட்டென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "அவிய எப்பவும் இப்படித்தான் அத்தை, என்னைத் தூக்கவே மாட்டாவ" என்றாள் ரோஸி, புகார் சொல்லும் குரலில்.

"அண்ணே," என்றேன், "நான் அனுப்புன பதிவை நீங்க ஏன் எனக்குத் திருப்பிப் போட்டுக் காட்டல? அன்னைக்கு அத்தனை பேசினேனே, நீதானளா சொன்னன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

ஸ்பேனரைத் தேடுவதுபோலக் குனிந்தார். "சொல்லியிருக்கலாம்தான். ஆனா இங்கன நான் ஏச்சு வாங்குனா ஆறுதல் சொல்ல நாலு பேரு இருக்காவ. நீ அங்கன ஒத்தையில கெடக்க. பிள்ளைக்கு அன்னைக்கு ஏதாவது ஒண்ணு ஆயிருந்தா, அது உன் சொல்லாலன்னு தெரிஞ்சா, அந்த ஊர்ல நீ யாரு மடியில விழுவ?"

"மன்னிச்சிருங்க அண்ணே" என்று ஒரு வழியாகச் சொல்லிவிட்டேன். அவர், "சரிளா" என்றார், அதே ஒரே வார்த்தை. "பிள்ளையத் தூக்குங்க" என்றேன். "கையெல்லாம் கிரீஸ்." "கழுவிட்டுத் தூக்குங்க." வாளித் தண்ணீரில் சோப்புப் போட்டு விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று கழுவினார், கழுவினார், எங்கள் வார்டில் சுவரில் ஒட்டியிருக்கிற படத்தில்கூட அத்தனை நேரம் போட்டிருக்காது. அப்புறம் தூக்கினார். ரோஸி அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டாள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து, முகம் கழுவக் குளியலறைக்குப் போனேன். அண்ணன் புதிதாக ஹீட்டர் மாட்டியிருக்கிறான். மதினி துணி ஊறவைக்க அதைப் போட்டுவிட்டிருந்தது எனக்குத் தெரியாது. யோசிக்காமல் சிவப்புக் குழாயைத் திறந்து கையை நீட்டினேன். ஐயோ மாதாவே என்று நான் போட்ட சத்தத்தில் ரோஸி ஓடி வந்தாள். வலது கை ஆள்காட்டி விரல் சிவந்துவிட்டது. "சொந்த வீட்டுல எதுல சுடுதண்ணி வரும்னுகூடத் தெரியாதா அத்தை உங்களுக்கு?" என்று அதட்டினாள். என் குரலேதான். "அங்கன சிவப்புலதான் பச்சத் தண்ணி வரும்டி" என்றேன். "பொய்" என்றாள். பிறகு, "காட்டுங்க, எச்சி வச்சா எரியாது" என்று, நான் இழுப்பதற்குள் அந்த விரலைப் பிடித்து வாய்க்குள் வைத்துக்கொண்டாள்.

சோப்புப் போடாத விரல். காலையிலிருந்து கரை மணலையும் திரும்பும்போது ஏறிய ஆட்டோவின் கம்பியையும் தொட்ட விரல். பதினோரு வருஷமாக உறை போடாமல் எந்தப் பிள்ளையின் வாயருகேயும் போகாத விரல். எடு என்று கத்த வாய் திறந்தேன், ஆனால் விரலை இழுக்காமல் அப்படியே விட்டு வைத்தேன். அவள் நாக்கு வெதுவெதுப்பாக இருந்தது. வெளியே அண்ணன் என் பெட்டியைக் கட்டி, கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான்.